கடற்கரைக்கு வரமுதல் குசினிக்கு வாருங்கள்: நாடளாவிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

குப்பைக்கும் காலநிலை மாற்றத்துக்கும் எதிராக நாடெங்கும் இயங்கும் சுற்றுச்சூழல் தொண்டு அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும், வடக்குக்குப் பொறுப்பான இணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இதை எழுதுகிறோம். கசூரினாக் கரையிலும் சாட்டியிலும் பண்ணைப் பாலத்தடியிலும் வெயிலில் குனிந்து பொறுக்கும் உங்கள் இளைஞர்களை மதிக்கிறோம். ஆனால் அன்று கட்டிய மூட்டைகள் உழவு இயந்திரத்தில் ஏறியதும் உங்கள் நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. அந்த உழவு இயந்திரம் புறப்பட்ட பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. யாழ்ப்பாணத்துக்கென நீங்கள் ஒதுக்கும் பணத்திலும் ஆட்பலத்திலும் பெரும்பங்கை, உக்கும் கழிவை வீட்டிலும் சந்தையிலும் வைத்தே தனியாகப் பிரித்தெடுக்கும் வேலைக்கு மாற்றுங்கள். கரை துப்புரவு அதற்குப் பின்னால் வரட்டும்.

ஏன் உக்கும் கழிவு? இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்கள் அள்ளும் குப்பையில், நிறைப்படி பார்த்தால் பாதிக்கு மேல் அதுதான்: மரக்கறித் தோல், சோறு, மீன் செதிள், தேங்காய்ப் பூ, வாழையிலை. வீட்டைவிட்டு வெளியேறும்போது இவை தனியாக இருந்தால் பசளை. பொலித்தீனோடு சேர்ந்து ஒரே பையில் கட்டுப்பட்டால் இரண்டும் கெட்டுவிடும். மீன் தண்ணீர் ஊறிய கடதாசியை எந்தப் பழைய சாமான்காரரும் வாங்கமாட்டார். குழம்பு அப்பிய பிளாஸ்ரிக்கைக் கழுவுகிற செலவு அதன் விலையைவிடக் கூடும். தெருவில் வைத்த பையை நாயும் காகமும் கிழிப்பது உள்ளே மீன் மணம் இருப்பதால்தான். கிழிந்த பையிலிருந்து பறக்கும் பொலித்தீன்தான் பிறகு வாய்க்காலிலும் கடற்கரையிலும் உங்கள் கையில் அகப்படுகிறது. ஈரத்தைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சம் காய்ந்த, மணமில்லாத, நாய் தொடாத சாமான். அதை இரண்டு கிழமை வீட்டில் வைத்திருந்தாலும் ஒருவருக்கும் தொல்லை இல்லை.

பிரிக்காத குப்பை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கக் கல்லுண்டாய்க்குப் போகவேண்டும். யாழ். மாநகரத்தின் குப்பை போய்ச்சேரும் அந்த வெளி, நாவாந்துறைக்கும் அராலிக்கும் இடையில், கடல்நீரேரியை அண்டிய தாழ்ந்த நிலம். குவிந்து அமுங்கிய குப்பைக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் உக்கும் பொருள் அழுகி மெதேன் வாயுவை விடுகிறது. குப்பை மேட்டிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மெதேன். மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஒரு கிலோ காபனீரொட்சைட்டைப் போல 27 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். வளிமண்டலத்தில் அது தங்குவது ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான். ஆகையால் இன்று அதைக் குறைத்தால் பலனை இந்தத் தலைமுறையே காணும். காலநிலை மாற்றத்துக்காக யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, காசு செலவில்லாமல், நாளைக்கே செய்யக்கூடிய வேலை எதுவென்று எங்களிடம் கேட்டால் குசினிக் கழிவைப் பிரிப்பதைத்தான் சொல்வோம்.

அதே மெதேன்தான் தீயும் ஆகிறது. மேட்டின் உள்ளே சூடு ஏறுகிறது. மேலே மண் போர்த்தப்படவில்லை. செம்புக் கம்பிக்காக வயரைக் கொளுத்துகிற ஒருவர் வைத்த சிறு நெருப்பே போதும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் புகை ஆனைக்கோட்டை, மானிப்பாய்ப் பக்கம் போகிறது. மேலே தண்ணீர் அடித்தால் தீ மேற்பரப்பில் மட்டும் அணைந்து உள்ளே புகைந்துகொண்டே இருக்கும்; அதை அடக்குவது மண் போர்வை. ஒவ்வொரு நாளும் கொட்டியதை அமுக்கி, மேலே 15 சென்ரிமீற்றர் அளவுக்கு மண் போடுவது குப்பைக் கிடங்கின் அடிப்படை ஒழுங்கு. மண் இலகுவில் கிடைக்காத குடாநாட்டில் அந்த மண்ணுக்கு எங்கே போவது என்பது தனிக் கேள்வி. மேட்டின் உயரத்தையே குறைப்பதுதான் மலிந்த வழி. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஈரமும் வாயுவும் நிறைந்த மேடு எங்கே இருந்தாலும் அதன் குணம் அதுதான்.

இனி, யாழ்ப்பாணத்தை மற்ற மாவட்டங்களிலிருந்து பிரிக்கிற விடயத்துக்கு வருகிறோம். உங்கள் சுவரொட்டிகளில் பனிப்பாறையும் உருகும் துருவமும் இருக்கின்றன. இங்கே அவற்றின் இடத்தில் ஒரு கிணற்றை வரையுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கை ஆறுகூட மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுபோகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கும் நம்பியிருப்பது சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைத்தண்ணீரை. அந்த நன்னீர், அடியில் உள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மறுபக்கமாக வாசித்தால் அதுவே அச்சம் தருகிறது: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து 40 அடிக்கு உப்பு ஏற இடம் உண்டாகிறது. கடல் மட்டம் உயர்வதும், ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடுவதும், இறைப்பு கூடுவதும் மூன்று பக்கத்தாலும் அந்த வில்லையை மெலியச் செய்கின்றன.

சுண்ணக்கல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் வெடிப்பும் குகையும் அதிகம். சுண்ணக்கற் குகை இடிந்து உண்டான நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவருக்கும் இது புரியும். மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். இங்கே அது வெடிப்பு வழியே நேராகக் கிணற்றுக்குப் போய்விடும். வளவு மூலையில் தோண்டிய குழிக்குள் பற்றரியும் பழைய மருந்தும் பூச்சிநாசினிப் போத்தலும் போட்டு மூடுவது குடிநீருக்குள் போடுவதற்குச் சமம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தில், ஓரிடத்தில் நிலத்தில் இறங்கியது எத்தனை வளவுகளுக்குப் பயணப்படும் என்று மக்கள் கண்ணாற் கண்டார்கள். ஆகவே உங்கள் கையேடுகளில் உள்ள ‘குழி தோண்டிப் புதையுங்கள்’ என்ற ஆலோசனையை யாழ்ப்பாணப் பதிப்பில் தயவுசெய்து திருத்துங்கள். உக்கும் கழிவைத் தவிர வேறெதையும் இங்கே புதைக்கக்கூடாது. அதையும் கிணற்றிலிருந்து தள்ளி, ஓர் அடி ஆழத்துக்குள், மண் உள்ள இடத்தில் மட்டும்.

குளங்களையும் இதே கணக்கில் பார்க்கவேண்டும். ஊருக்கு ஊர் குளமும் கேணியும் வெட்டி வைத்தவர்கள் மழையை நிலத்துக்குள் இறக்குவதற்காகவே அதைச் செய்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் சொப்பிங் பையாலும் கட்டடக் கழிவாலும் அடைபட்டால், மழைத்தண்ணீர் ஒழுங்கைகளில் நின்று பிறகு கடலுக்குப் போகிறது. அவ்வளவும் கிணற்றுக்கு இறங்கவேண்டிய தண்ணீர். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் கொண்டுவந்த வெள்ளத்தை யாழ்ப்பாணம் இன்னும் பேசுகிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இனி வரும் மழையும் அப்படித்தான் வரும் என்று எண்ணி வாய்க்கால்களை வைத்திருக்கவேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வீட்டில் என்ன வேண்டும்? மூடியுள்ள 10 லீற்றர் வாளி ஒன்று, பழைய உரப்பைகள், வளவில் நிழலான ஒரு மூலையில் பசளைப் பீப்பா ஒன்று. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லீற்றர் சமையற் கழிவு சேரும். பீப்பாவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஊமலும் சிரட்டைத் துண்டும் சுள்ளியும் பரப்பி, அதன்மேல் ஒரு வாளி சமையற் கழிவு, அதை முழுக்க மூடும்படி இரண்டு வாளி காய்ந்த கஞ்சல் (சருகு) என்று மாறி மாறிப் போடவேண்டும். சமையற் கழிவில் நைதரசன் கூட. சருகில் காபன் கூட. உக்குதல் நன்றாக நடக்க ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். அந்தச் சமநிலையைத் தருவது கஞ்சல்தான். கையால் அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு துளி கசியவேண்டும். ஒழுகினால் ஈரம் கூட, பொடியாக உதிர்ந்தால் குறைவு. கிழமைக்கு ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் கறுத்த, மழைமண் மணக்கிற பசளை.

பிழைக்கிற இடங்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான். பீப்பா நாறுகிறது, புழு நெளிகிறது என்று கைவிட்ட வீடுகளில் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே வெறும் சோறும் மரக்கறியும் சேறாக நிற்கும். ஒரு இலைகூடக் கிடக்காது. பீப்பாவைக் கொடுத்தவர்கள் கஞ்சலைப் பற்றிச் சொல்லாமல் விட்டதன் விளைவு அது. அழுகிய முட்டை மணம் என்றால் காற்றில்லை: கிளறிச் சருகு போடவேண்டும். மூக்கை எரிக்கும் மூத்திர மணம் என்றால் நைதரசன் கூடிப்போயிற்று: அதற்கும் மருந்து சருகுதான். மீன் செதிளும் இறைச்சிக் கழிவும் பீப்பாவுக்குள் போனால் எலி வரும்; அவற்றை வாழையடியில் ஓர் அடி ஆழத்தில் புதைப்பது நல்லது. பனையோலையும் தேங்காய்ப் பொச்சும் வெட்டிப் போடாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை மாரியில் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கஞ்சல் எல்லாம் நனைந்துபோகும். காய்ந்த சருகில்லாமல் பீப்பா சேறாகி, மார்கழியில் வீட்டுக்காரர் அதைக் கவிழ்த்துவிடுவார். இதற்கு விடை கோடையில் இருக்கிறது. நாளுக்கு 8 லீற்றர் சருகு என்றால் மூன்று மாதத்துக்கு 720 லீற்றர். ஓர் உரப்பையில் மிதித்து அடைத்தால் நூறு லீற்றர் தளர்ந்த சருகு பிடிக்கும். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும் காலத்திலிருந்து புரட்டாதி வரை, வீட்டுக்கு எட்டுப் பை சேர்த்து மழை படாத தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தால் மாரி முழுவதற்கும் காணும். உங்கள் தொண்டர்கள் புரட்டாதியில் ஒரு நாள் வந்து, ஒரு வட்டாரத்தின் எல்லா வீட்டிலும் இந்த எட்டுப் பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, நிரம்பாத வீட்டில் நிரப்பிக் கொடுத்தால், அது பத்துக் கரை துப்புரவுக்கு மேலான வேலை.

அந்தக் கஞ்சல் இன்று எங்கே போகிறது? விடியக் கூட்டி, முற்றத்து மூலையில் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். தலைமுறையாக வந்த பழக்கம். குவியலில் இலை மட்டும் இருந்த காலத்தில் அதன் கேடு குறைவு. இப்போது அதற்குள் பிஸ்கற் உறையும் சம்போப் பைக்கற்றும் பம்பர்ஸும் கிடக்கின்றன. குறைந்த சூட்டில் புகைந்து எரியும் பிளாஸ்ரிக், அதிலும் பீவீசீ கலந்தது, டயொக்சின் போன்ற நச்சுகளை விடுகிறது. சுவாசிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. 2017 செப்ரெம்பர் 1 முதல் பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது நாடு முழுவதும் சட்டப்படி தடை. ஆனால் தடையைச் சொல்லி இங்கே எவரும் நெருப்பை அணைக்கப்போவதில்லை. “வாகனம் வரேல்லை, நான் என்ன செய்யிறது?” என்று அம்மா ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் வேண்டும். கஞ்சலுக்குப் பீப்பா இருந்தால் எரிக்கவேண்டிய தேவையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். குழையை மண்ணுக்குள் தாழ்த்தியும் தோட்டத்தில் மாட்டுப்பட்டி அடைத்தும் மண்ணை வளர்த்த தோட்டக்காரரின் ஊர் இது. பூவரசங் குழைக்கு என்ன மதிப்பு என்று இங்கே ஒருவருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த அறிவை எழுப்பிவிட்டாலே போதும்.

வளவில்லாத வீடுகள் குருநகரிலும் நாவாந்துறையிலும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே பீப்பா கொடுப்பது வீண். வாளியோடு நின்று, நாள் தவறாமல் எடுத்துச் செல்லும் ஆள் வேண்டும்.

எடுத்துச் செல்வதில்தான் பெரும்பாலான திட்டங்கள் செத்திருக்கின்றன. பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக்குக்கு, சிவப்புக் கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு என்று தேசிய நிறக் குறியீடு இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் அந்த ஐந்து தொட்டியும் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் ஒழுங்காகப் பிரித்துப் போட்டதை ஒரே பெட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டு உழவு இயந்திரம் போனால், அதைக் கண்ட பிள்ளையை இனி எந்தச் சுவரொட்டியாலும் திருத்த ஏலாது. வீட்டுக்காரரும் அப்படியே. தொட்டி வாங்கித் தருமுன், எடுக்கும் வாகனம் எப்படி எடுக்கும் என்று உள்ளூராட்சி மன்றத்தோடு எழுத்தில் பேசி முடியுங்கள். சிறந்தது நாளைப் பிரிப்பது: உக்கும் கழிவு கிழமையில் மூன்று நாள், காய்ந்தது இரண்டு கிழமைக்கு ஒரு நாள். அது முடியாவிட்டால் பெட்டியின் நடுவே ஒரு தடுப்புப் பலகை. செலவு மிகக் குறைவு. ஆனால் தெருவில் நின்று பார்க்கிறவருக்கு அந்தப் பலகை சொல்வது பெரிது. ஐந்து நிறத்தை வீட்டில் எதிர்பார்க்கவும் வேண்டாம். வீட்டுக்கு மூன்று போதும்: ஈரம், காய்ந்தது, ஆபத்தானது. பம்பர்ஸும் நப்கினும் கடதாசியில் சுற்றித் தனிப் பையில்; பற்றரி, மின்குமிழ், ஊசி, பழைய மருந்து வேறொரு பெட்டியில். கடதாசி எது, பிளாஸ்ரிக் எது என்று பிரிப்பது தரம்பிரிக்கும் கொட்டிலில் நடக்கட்டும்.

அந்தக் கொட்டிலில் எது விலைப்படும், எது படாது என்பதை உங்கள் பிரசாரம் மறைக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல், சம்போப் போத்தல், வாளி, தகரம், காட்போட் விலைப்படும்; நசுக்கிக் கட்டினால்தான். நசுக்காத போத்தலை லொறியில் ஏற்றினால் கொழும்புக்கோ தெற்குக்கோ கொண்டுபோகிற கூலிக்கே அந்தக் காசு காணாது, ஏறுவது பெரும்பகுதி காற்று. ஆகையால் கையால் இயக்கும் ஓர் அமுக்கி இயந்திரம், தொட்டி நூறு கொடுப்பதைவிட நல்ல கொடை. பல அடுக்கு உறைகள், அதாவது பிஸ்கற், மிக்சர், பால்மாப் பைக்கற், இவற்றுக்கு வாங்க ஆளில்லை. அவற்றுக்கு வீட்டுக்காரர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அதைச் செய்யவேண்டியது உற்பத்தியாளர். 2017 இல் லன்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும், 2021 இல் சிறிய சாஷே பைக்கற்றுகளும், 2023 ஒக்ரோபர் 1 முதல் ஸ்ரோ, பிளாஸ்ரிக் கரண்டி, கோப்பை, மாலை, இடியப்பத் தட்டு முதலியனவும் தடைப்பட்டன. தேசிய அளவில் பேசக்கூடிய நீங்கள் அந்த வரிசையில் அடுத்ததாக இந்த உறைகளை வையுங்கள். கொழும்பில் அமைச்சுகளோடு பேசும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

சந்தை பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆயிரம் வீட்டுக்குப் போவதைவிட ஒரு சந்தைக்குப் போவது இலகு. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், கொடிகாமம், சாவகச்சேரி: ஒவ்வொன்றிலும் கோவா இலை, வாழைத்தண்டு, கீரைக் காம்பு, அழுகிய தக்காளி என்று கலப்பில்லாத உக்கும் கழிவு விடியற்காலையிலேயே ஓரிடத்தில் குவிகிறது. அதை இரண்டு மீற்றர் அகலமும் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீற்றர் உயரமுமான நீள்குவியலாகப் போட்டு, சருகும் மாட்டெருவும் கலந்து, கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் பசளை. குவியலின் நடுவில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறவேண்டும்; களை விதையும் நோய்க் கிருமியும் அழிவது அந்தச் சூட்டில்தான். நீட்டுத் தண்டுள்ள வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. சூடு ஏறவில்லையென்றால் குவியல் சிறிதாக இருக்கும், அல்லது தோய்ந்திருக்கும். கோவாவும் தக்காளியும் பெரும்பாலும் தண்ணீர். 1,000 கிலோ போட்டால் முடிவில் 300 கிலோ கிடைப்பதே கூட. இதை முன்கூட்டிச் சொல்லாததால் ‘பசளை விற்றுச் சம்பளம் கொடுப்போம்’ என்று தொடங்கிய திட்டங்கள் ஓராண்டில் படுத்துவிடுகின்றன. பசளை விற்ற காசு சம்பளத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். மிச்சத்தை, கொண்டுபோய்க் கொட்டாததால் மீந்த டீசலிலிருந்தும் மன்றத்தின் வரவுசெலவிலிருந்தும் எடுக்கவேண்டும். மேலே கூரை இல்லாமலும், கீழே சரிவான சீமெந்துத் தளமும் கசிவுநீர்த் தொட்டியும் இல்லாமலும் சுண்ணக்கல் நிலத்தில் இதைத் தொடங்கவே கூடாது. கண்ணாடித் துண்டு ஒன்று தோட்டக்காரரின் கையைக் கிழித்தால் அந்த ஊரில் அந்தப் பசளையை மறுபடி எவரும் வாங்கமாட்டார். ஆகையால் கலந்த குப்பையிலிருந்து பசளை எடுக்க முயலவேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு கரை துப்புரவு செய்யத்தான் வேண்டுமென்றால், செய்யுங்கள், ஆனால் இப்படி. கறுத்தப் பொலித்தீன் பைக்குப் பதிலாக உரப்பை. கரையில் ஒரு பெரிய படங்கை விரித்து, பொறுக்கியதைத் தொண்டர்களே அங்கேயே போத்தல், வலையும் கயிறும், கண்ணாடி, விலைப்படாதது என்று பிரிக்கட்டும். அதற்குப் பொறுக்கிய நேரமளவு நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கம்பனியின் உறை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். மூட்டைக் கணக்கைவிட அந்தக் கணக்கு கொழும்பில் பயன்படும். கரையொதுங்கிய சாதாளையை (கடல் தாவரங்களை) வாராதீர்கள். அது குப்பையில்லை, மணலைப் பிடிக்கும். ‘அழகாக்க’ என்று அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பிடுங்கிய கரையில் அடுத்த வாடைக் காற்றுக்கு மணல் வீதியில் கிடக்கும். மணற்காட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஊசி கண்டால் கையால் எடுக்காமல் இடுக்கியால் தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடவேண்டாம். போர் நடந்த மண் இது. இடத்தைக் கொடியால் குறித்து, எல்லோரையும் விலக்கி, 119 க்கு அழையுங்கள். தொண்டர்களுக்குச் சாப்பாடு வாழையிலையில். தண்ணீருக்குப் பெரிய பானையும் சில்வர் கோப்பையும். துப்புரவுக்கு வந்தவர்கள் குடித்துப் போட்ட போத்தல்களும் அன்றைய மூட்டையில் ஏறுவது உங்கள் நல்ல பெயருக்கு அழகில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தண்ணீர்ப்பந்தல் வைக்க விரும்பும் அமைப்புகளுக்கும் இதையே கேட்கிறோம்.

வாய்க்கால் வேலை வேறு. அது புரட்டாதிக்குள் முடியவேண்டும். ஐப்பசி பிறந்த பின் தொடங்குவதில் பயனில்லை. பொலித்தீனோடு அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதுதான் இங்கே ஆண்டுதோறும் நடக்கிற பிழை. முதல் மழைக்கு அது அப்படியே திரும்பவும் உள்ளே இறங்கிவிடும். அள்ளிய அன்றே ஏற்றுவதற்கு வாகனம் உறுதியாகாவிட்டால் அள்ளவே வேண்டாம். மதகுகளுக்கு முன்னால் கம்பி வலை போடுவது நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு அதைத் துப்புரவாக்கப் பொறுப்பான ஆள் இல்லையென்றால் வலையே வெள்ளத்தை மறிக்கும். அதே கிழமையில் ரயர், யோகட் கோப்பை, சிரட்டை, குரும்பைக் கோம்பை எல்லாம் சேர்த்து எடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டையோ தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தையில் காய்ச்சல் ஏறுவதற்கான வழியை அடைப்பது புரட்டாதியில்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். குப்பை அள்ளுவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் சட்டக் கடமை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அதையே சொல்கிறது. யாழ். மாவட்டத்தில் இப்படி 17 மன்றங்கள் உண்டு. அவர்களுடைய வேலையை நீங்கள் எடுத்துச் செய்தால், நீங்கள் போன பிறகு அந்த வேலையும் போய்விடும். அவர்களுடைய பக்கத்தில் நின்று, அவர்களிடம் இல்லாததைக் கொடுங்கள்: பயிற்சி, ஓராண்டுச் சம்பளம், அமுக்கி இயந்திரம், கணக்கு வைக்கும் முறை. சுத்திகரிப்புத் தொழிலாளருக்குக் கையுறையும் சப்பாத்தும் தடுப்பூசியும் இல்லாத இடத்தில் ரீசேட்டுக்கும் பதாகைக்கும் காசு போவது எங்களுக்கு வலிக்கிறது.

மரநடுகையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கண்டல் நடுவதென்றால் அலை ஏறி இறங்கும் உயரம் பார்த்து, முன்பு கண்டல் இருந்த இடத்தில் மட்டும் நடுங்கள். நடுகிற நாளின் படத்தைவிட, இரண்டாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்ற கணக்கை வெளியிடுங்கள்.

முதலடியாக நாங்கள் கேட்பது சிறியது. ஒரு கிராம அலுவலர் பிரிவைத் தெரிவு செய்யுங்கள். 100 முதல் 150 வீடு போதும். தை மாதம், மழை விட்டபின், வீடு வீடாகப் போகச் சம்பளத்தோடு அந்த ஊர்ப் பெண்கள் இருவரை அமர்த்துங்கள். மாதர் அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டால் ஆள் கிடைக்கும். முதல் நான்கு கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. வாளிக்குள் பொலித்தீன் கிடந்தால் ஏசாமல் எடுத்துக் காட்டிவிட்டு வரவேண்டும். தொடங்குமுன் பத்து வீட்டின் ஒரு கிழமைக் கழிவைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஆனியிலும் கார்த்திகையிலும் அதே வீடுகளில் மறுபடி நிறுங்கள். கார்த்திகைக் கணக்கைப் பார்க்காமல் வெற்றி என்று அறிக்கை எழுதவேண்டாம், மாரியைத் தாண்டாத முறை இங்கே நிலைக்காது. கணக்கைச் சனசமூக நிலையத்துச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

இடம் தெரிவு செய்யவும், சந்தைக் குழுக்களோடு பேசவும், பயிற்சி கொடுக்கவும் நாங்கள் கூட வருவோம். அடுத்த ஆண்டுக்கான உங்கள் வரவுசெலவை எழுதுமுன் ஒரு கூட்டம் வையுங்கள். அதை யாழ்ப்பாணத்தில் வையுங்கள். மன்றத்தின் வேலைத்தள மேற்பார்வையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உழவு இயந்திரச் சாரதி ஒருவர், பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் ஆகியோரையும் அழையுங்கள். அந்தச் சாரதி எந்த ஒழுங்கைக்குள் பெட்டியோடு திரும்ப ஏலாது என்று சொல்வதிலிருந்து திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் கழிவு பிரித்தல், கூட்டுப்பசளை, கிணற்று நீர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஈடுபட்டிருப்போர்